கம்பெனி வீடும் சொந்த வீடும்



எலி வளையானாலும் தனி வளை வேணும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு நம்மில் பல பேருடைய பெண்பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று முதலில் விசாரிக்கிறோம். எங்கே தங்கப் போகிறாள் என்பதைக் கடைசியில்தான் கேட்கிறோம். வேலை கொடுப்பவர்கள் வீடும் கொடுத்த வரலாறு நம் நாட்டில் பழசு. அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

மதுரையில் 1892இல் ஹார்வி சகோதரர்களின் மில் வந்தது. ஊர் ஊராகச் சனங்கள் பிழைக்க வந்தார்கள். பிறகு வெள்ளைக்காரர் காலத்திலேயே, திருப்பரங்குன்றம் பக்கத்தில் மில் தொழிலாளிகளுக்கென்று ஒரு ஊரையே கட்டினார்கள். அதுதான் ஹார்விபட்டி. மாதாமாதம் பணம் கட்டி வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள அங்கே வழி இருந்தது. மில் வேலை முடிந்தாலும் வீடு கையில் நின்றது.

மலைத் தோட்டங்களில் கதை வேறு. எஸ்டேட்டில் குடியிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு முதலாளி வீடு கொடுத்தே ஆகணும் என்று 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்த வீடு.

திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையைப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று தொழிலாளிகளிடம் சொல்லிவிட்டார்கள். ஹைகோர்ட் வரை கேஸ் போனது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள். பிள்ளை பெற்றதும், தொட்டில் கட்டியதும், பெரியவர்களை அனுப்பி வைத்ததும் அந்த லயத்து வீட்டில்தான். பட்டா மட்டும் அவர்கள் பேரில் இல்லை.

இப்போது நம் பிள்ளைகள் காலத்துக்கு வருவோம். 2021 டிசம்பரில், கைபேசி செய்யும் ஒரு கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, நூற்றுக்கும் மேலானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பயந்த பிள்ளைகள் இல்லை அவர்கள்!

பிறகு 2024 ஆகஸ்ட் 17இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். அரசும் தொழில் நடத்துபவர்களும் கை கோத்தால் இவ்வளவு பெரிய வேலை நடக்கும் என்பதை மனதாரப் பாராட்டணும்.

ஆனாலும் அங்கே கிடைப்பது ஒரு கட்டில். கல்யாணம் ஆனால், வேலை நின்றால், அதை விட்டு வரத்தான் வேணும். கட்டில் வேறு, வீடு வேறு.

சகோதரிகளே, நம் ஊருக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிக்காரர்களிடம் இனி சம்பளத்தோடு தங்குமிடத்தையும் கேட்போம். ஒரு அறையில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு பிடிப்பீர்கள், வேலை நின்றால் எத்தனை நாள் அவகாசம் என்று கேட்போம். குடும்பமாக வேலை செய்பவர்களுக்கு ஹார்விபட்டி மாதிரி தவணை வீடு கட்டித் தரச் சொல்லி கிராம சபையில் பேசுவோம். பத்து ரூபாய் கடனுக்கும் கையெழுத்து வாங்கி, நோட்டில் வரவு வைக்கத் தெரிந்தவர்கள் நாம். வீட்டுக் காகிதம் யார் பேரில் என்று கேட்க நமக்குக் கூச்சம் எதற்கு?