குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005

இந்திய நாடாளுமன்றம் இயற்றிய இச்சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி உதை மட்டுமன்றி, பாலியல் கொடுமை, வசைச்சொல், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமை, பெண்ணின் நகையை விற்றுவிடுதல் ஆகியவையும் இதன்படி வன்முறையே. மனைவி, தாய், சகோதரி மட்டுமன்றி, மணமாகாமல் சேர்ந்து வாழும் பெண்ணும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். வன்முறை நிகழக்கூடும் என்ற நிலையிலேயே தடையாணை பெற முடியும். அக்கம்பக்கத்தாரும் அலுவலருக்குத் தகவல் தரலாம்.

சட்டத்தின் உயிர்நாடி 17-ஆம் பிரிவு: வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் இவ்வுரிமை இல்லை என்று 2006-இல் கூறிய உச்ச நீதிமன்றம், அந்தக் குறுகிய விளக்கத்தை 2020-இல் கைவிட்டது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்ற விதி பெரும்பாலும் ஏட்டளவில்தான்.