சிங்கப்பூரில் திறந்த கலைக்கூடங்கள்

சிங்கப்பூரின் வடபகுதியாகிய செம்பவாங் வட்டாரத்தில் லோரோங் கம்பாஸ் என்றொரு கம்பத்துப் பாதை இருந்தது. அங்கே கோழிப்பண்ணையாக இருந்த நிலமொன்றில் 1988-ஆம் ஆண்டில் டாங் டா வூ என்னும் சீன இனத்துக் கலைஞர் வந்து அமர்ந்தார். அவர் இங்கிலாந்தில் பயின்று பல்லாண்டுக்குப் பின் ஊர் திரும்பியவர். வாடகைக்கு இடம் தேடி அலைந்த இளங்கலைஞர் பலர் அவரை நாடி வந்தனர். பண்ணைக் கொட்டகைகள் ஓவியக் கூடங்களாயின. மரத்தடிகள் சிற்பக் கூடங்களாயின. 'கலைஞர் கிராமம்' என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். 1989 ஜனவரியில் கூடத்தின் கதவுகளைத் திறந்துவைத்து, வந்து பாருங்கள் என்று பொதுமக்களை அழைத்தனர்.

ஓவியக் காட்சி என்பது சிங்கப்பூருக்குப் புதிதன்று. சட்டமிட்டு, சுவரில் மாட்டி, விலை குறித்த படங்களை மக்கள் முன்னரே பார்த்திருக்கின்றனர். கலைஞர் கிராமத்தில் அவர்கள் கண்டதோ வேறு. வேலை பாதியில் நின்றது, வண்ணம் உலரவில்லை, செய்பவர் அருகிலேயே நின்றார், கேட்டால் விடை சொன்னார். ஒரு கலைஞரை ஓரிடத்தில் தங்கவைத்து, அவர் தொழில் செய்வதைப் பிறர் காணவும் விடுவதாகிய இம்முறை, இன்று உலகெங்கும் அரசுகளும் நிறுவனங்களும் பணம் ஒதுக்கி நடத்தும் ஒன்றாகிவிட்டது. சிங்கப்பூரில் அதன் தொடக்கத்தைக் குறிப்போர் பெரும்பாலும் இந்தப் பண்ணையையே சுட்டுவர். அது பொருத்தமே. ஆயினும் சிராங்கூன் சாலையையும் சவுத் பிரிட்ஜ் சாலையையும் அறிந்த தமிழர், நூற்றைம்பது ஆண்டு முன்னதாகவே தொடங்க வேண்டும் என்று வாதிட இடமுண்டு.

வெளியூர்க் கைவல்லாரை வரவழைத்து உள்ளூராரோடு சேர்த்து வேலை வாங்குவது தமிழர்க்குப் பழைய வழக்கம். வடபுலத்திலிருந்தும் யவன நாட்டிலிருந்தும் வந்தவர்கள் தமிழகத்துத் தொழிலாளரோடு கூடிச் சோழ மன்னனின் பூங்கா மண்டபத்தை அமைத்த செய்தியை மணிமேகலை கூறுகிறது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய அதே காதையில் இச்செய்தி வருவதை ஆசிரியர்கள் அறிவர். சிங்கப்பூர் வரலாற்றிலும் சிறையும் கைத்தொழிலும் இப்படியே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

1819-இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, இத்தீவின் முதல் செங்கற் சூளையை அமைத்தவர். அவர் முயற்சியால் 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்த மாரியம்மன் கோயில், 1843-இல் செங்கல் கட்டடமாயிற்று. இதனிடையே 1825 முதல் இந்தியாவின் பல மாகாணங்களைச் சேர்ந்த ஆயுள் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சாலை போட்டவரும், சதுப்பை நிரப்பியவரும், கல் உடைத்தவரும் அவர்களே. பிராஸ் பாசாவிலிருந்த சிறையில் தச்சும் கொல்லும் நெசவும் நடந்தன. 1858-இல் சிராங்கூன் சாலைப் பக்கம் அரசாங்கச் செங்கற் சூளை அவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. அச்செங்கல் 1867-இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அயல்நாட்டார் வந்து அச்சிறைத் தொழிற்கூடங்களைப் பார்வையிட்டுச் சென்றனர். பார்வைக்குத் திறந்த பட்டறை என்றால் இதுவும் ஒன்றே. உள்ளே இருந்தவர்க்கு வெளியேறும் உரிமை இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. அது சிறு வேறுபாடன்று.

அக்கைதிகளை மேற்பார்த்த மக்நேர் என்னும் பொறியாளர் 1899-இல் வெளியிட்ட நூலில், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துச் சுவர்களுக்குப் பூசிய 'சென்னைச் சுண்ணாம்பின்' பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, நாட்டு வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து இடித்துக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் உருண்டைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிச் சுவரைக் கண்டவர்க்கு இப்பக்குவம் அந்நியமாகத் தோன்றாது. சிராங்கூன் சாலையருகே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அதனால் அவ்விடம் தமிழர் வாயில் சுண்ணாம்புக் கம்பம் ஆயிற்று. அங்கு எழுந்த வீரமாகாளியம்மன் கோயிலையும் பழைய தலைமுறையினர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அழைத்தனர். ஊர்ப்பெயரே ஒரு தொழிலுக்குச் சாட்சியாக நின்றது என்பது அறியத்தக்கது.

இனிக் கோபுரத்துக்கு வருவோம். மாரியம்மன் கோயிலுக்கு 1903-இல் மூன்று நிலைக் கோபுரம் அமைந்தது. 1925-இல் ஆறு நிலையாக உயர்ந்தது. சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரம், வணிகர் பெ. கோவிந்தசாமி பிள்ளையின் கொடையால் எழுந்து 1979-இல் குடமுழுக்குக் கண்டது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை திருப்பணி நடக்கும்போது தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்து பல மாதம் தங்குகின்றனர். செங்கல்லையும் கம்பியையும் எலும்பாக வைத்துச் சாந்தைத் தசையாக அப்பி, கரணையாலும் விரலாலும் உருவத்தை வளர்ப்பது சுதைவேலை. முகத்தின் நீளமே அளவுகோல். அதற்குத் தாலம் என்று பெயர். உத்தம தசதாலம் என்னும் அளவில் திருமேனி 124 அங்குலம். இது விரலளவு, கடைக்காரரின் அங்குலம் அன்று.

ஆனால் அளவு நூலை மட்டும் நம்பிக் கோபுர வேலை செய்ய இயலாது. அறுபதடி உயரத்தில் அமரும் உருவத்தைத் தெருவில் நிற்பவன் அண்ணாந்து பார்க்கிறான். மேலே சரியாக இருக்கும் தலை, கீழிருந்து பார்த்தால் சிறுத்துத் தோன்றும். ஆகவே சிற்பி உருவத்தைச் சற்று முன்சாய்த்து, தலையைச் சிறிது பெருக்கி அமைக்கிறான். செய்தது சரியா என்று பார்க்கச் சாரத்திலிருந்து இறங்கித் தெருவுக்கே வரவேண்டும். வந்து, காய்கறிக் கூடையோடு நிற்பவர்களின் பக்கத்தில் நின்று, அவர்கள் பார்க்கும் கோணத்திலேயே தானும் பார்த்து, மீண்டும் ஏறுகிறான். பார்ப்போர் கண் இவ்வேலைக்கு ஒரு கருவி. திருவிழாவுக்கு முன் கோயிலுக்கு வண்ணம் தீட்டும் ஆளைச் சுற்றி நின்று, "அண்ணே, மூக்கு கோணல்!" என்று கூச்சலிடும் தோட்டத்துப் பிள்ளைகளும் தம்மை அறியாமல் அக்கருவியாகின்றனர். கண் திறக்கும் சடங்கு மட்டுமே மறைவில் நடப்பது.

இத்தனை பேர் பார்க்க நடந்த வேலையில், செய்தவர் பெயர் எங்கே? கோவிந்தசாமி பிள்ளையின் பெயர் நிலைத்திருக்கிறது, நிலைக்க வேண்டியதே. 1925-இல் மாரியம்மன் கோபுரத்தில் சாந்து அப்பியவர் யார் என்று கேட்டால் ஊரிலிருந்து வந்த சிற்பிகள் என்பதே விடை. நாகப்பட்டினம், கடலூர் வட்டாரங்களின் பெயர் சொல்லப்படுகிறதே தவிர ஆளின் பெயர் சொல்லப்படுவதில்லை. அடக்கம் நம் மரபு என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். அது முழு உண்மையன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் தலைமைத் தச்சனை வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கோயிற் கல்வெட்டே பெயர் சுட்டிக் கூறுகிறது. அவனுக்குத் துணைநின்ற பெருந்தச்சர் இருவரின் பெயரையும் விடவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதத் தெரிந்த ஒன்றை நூறாண்டுக்கு முன் எழுத மறந்தோம் என்பதே பொருந்தும்.

கலைஞர் கிராமத்துக்கும் கோபுரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 1989 டிசம்பர் 31-ஆம் நாள் தொடங்கி 1990 ஜனவரி முதல் நாள் வரை, இருபத்துநான்கு மணிநேரம் இடைவிடாது அங்கே ஒரு நிகழ்ச்சி நடந்தது. 'காலக் காட்சி' எனத்தக்க பெயரிட்டிருந்தனர். இரவெல்லாம் ஆட்டமும் பாட்டும் ஓவியமும் உடலசைவும் மாறி மாறி நிகழ்ந்தன. மறுநாள் காலையில் மிஞ்சியது ஒன்றுமில்லை எனலாம். சாந்துபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும் பொருள் எதுவும் அதில் கிடையாது. அந்நிலம் அரசின் வளர்ச்சித் திட்டத்துக்குத் தேவைப்பட்டதால் 1990-இல் கலைஞர்கள் வெளியேறினர். கொட்டகைகளும் போயின. எனினும் யார் வந்தனர், என்ன செய்தனர் என்று இன்று நன்றாகத் தெரிகிறது. அமாண்டா ஹெங், வின்சென்ட் லியோ, ஸாய் கூனிங், லீ வென் முதலியோர் பெயர்கள் பாடநூல்வரை சென்றுவிட்டன. கோ நுவாங் ஹவ் என்னும் உறுப்பினர் விடாமல் படம் பிடித்து, துண்டறிக்கைகளையும் செய்தித்தாள் நறுக்குகளையும் சேர்த்துவைத்ததே இதற்குப் பெருங் காரணம். அவர் திரட்டியது பின்னர்ச் சிங்கப்பூர்க் கலை ஆவணத் திட்டமாக விரிந்தது. கோபுரம் நிற்கிறது, பெயர் இல்லை. பண்ணை இல்லை, பெயர் நிற்கிறது!

அதே 1988-இல் கெதே நிலையத்தில் 'திரிமூர்த்தி' என்ற காட்சி நடைபெற்றது. எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் என்னும் தமிழர், சீனர், மலாயர் மூவர் தத்தம் மரபை வைத்துக்கொண்டு ஒரே கூடத்தில் உழைத்தது அது. மேனாட்டுப் பாணியைப் பின்பற்றினால்தான் புதுக்கலை என்னும் எண்ணத்துக்கு அவர்கள் தந்த மறுப்பு, தனிக் கட்டுரைக்கு உரியது.

திறந்த கூடத்துக்கு இடர் இல்லாமலும் இல்லை. 'ஐந்தாம் வழி' எனப் பொருள்படும் பெயருடன் சுசான் விக்டர் முதலியோர் 1991-இல் பார்க்வே பரேட் அங்காடிக் கட்டடத்தில் ஒரு கலைக்கூடம் அமைத்தனர். மாமிசமும் மளிகையும் வாங்க வருவோர் கண்ணில் கலை தானாகவே பட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 1993-ஆம் ஆண்டின் கடைசி இரவில் அங்கே நடந்த கூட்டத்தில் ஒரு கலைஞர் நிகழ்த்திய எதிர்ப்பு நிகழ்ச்சியைச் செய்தித்தாள் ஒன்று படத்துடன் வெளியிட, பெரும் புயல் எழுந்தது. அக்கலைஞர் தண்டம் கட்டினார். கூடம் இடத்தை இழந்தது. அவ்வகை நிகழ்த்துகலைக்கு ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அரசு நல்கை நின்றது. அந்நிகழ்ச்சியை நேரில் கண்டவர் சிலர். படத்தைக் கண்டவரோ ஊரார் அனைவரும். நேரில் நின்று, நடப்பதைத் தொடக்கம் முதல் பார்ப்பதும், நடுவில் ஒரு கணத்தைப் பிய்த்தெடுத்துப் பார்ப்பதும் ஒன்றாகா.

பின்னர்க் கூடங்கள் தேக்காவுக்கே வந்தன. கெர்பாவ் என்பது மலாய் மொழியில் எருமை. மாட்டு வணிகம் கொழித்த நாளின் நினைவாக அப்பெயர் பெற்ற கெர்பாவ் சாலையின் பழைய கடைவீடுகளைத் தேசியக் கலை மன்றம் கலைக்குழுக்களுக்கு ஒதுக்கிற்று. பாஸ்கர் கலைக்கழகத்தின் சதங்கை ஒலி அங்கே கேட்டது. வின்சென்ட் லியோவும் இவோன் லீயும் 1998-இல் தோற்றுவித்த 'பிளாஸ்டிக் கைனெட்டிக் வர்ம்ஸ்' என்னும் கூடமும் அங்குக் குடிபுகுந்து, வெளிநாட்டுக் கலைஞரையும் உள்ளூர்க் கலைஞரையும் வைத்துக் காட்சி நடத்தி, 2008-இல் தன் கூடத்தை மூடிற்று. பண்ணையில் பயின்ற ஒருவர் பூக்கடைத் தெருவருகே கூடம் திறந்தது கவனிக்கத்தக்கது. பூத்தொடுப்பவரும் கிளி சோதிடரும் பொற்கொல்லரும் வீதியைப் பார்த்தே தொழில் செய்யும் வட்டாரம் அது. அங்கே ஒரு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஓவியர் ஒருவர் வேலை செய்தால் வழிப்போக்கர் வியப்படைய வேண்டியதில்லை.

2002-இல் ராபர்ட்சன் கீயில் அச்சுக்கலை நிலையம் எழுந்தது. அழைக்கப்பெறும் கலைஞர் அங்கே வாரக்கணக்கில் தங்கித் தாளும் மையும் கொண்டு பணிபுரிகின்றனர். அவர்கள் பெயரும் நாளும் பட்டியலில் ஏறுகின்றன.

2023 பிப்ரவரி 12-ஆம் நாள் மாரியம்மன் கோயில் குடமுழுக்கு நடந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் வெள்ளி செலவான அத்திருப்பணிக்கும் தமிழ்நாட்டுக் கைவினைஞரே வந்தனர். முன்போல் தெருவில் நின்று அவர்களைப் பார்ப்பது இப்போது எளிதன்று; பாதுகாப்பின் பொருட்டுச் சாரத்தைச் சுற்றி வலை கட்டிவிடுகின்றனர். மாலையில் வேலை முடித்து இறங்கி வருபவர்களைப் பார்க்கலாம். பெயரையும் ஊரையும் கேட்கலாம். மாணவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் கையில் ஒரு குறிப்பேடு இருந்தால் அந்தப் பட்டியலைத் தொடங்கிவிட முடியும். வழக்கப்படி அடுத்த திருப்பணி 2035-ஐ ஒட்டி வரும்.