போலந்து சோசலிச இயக்கமும் தேசிய விடுதலைச் சிக்கலும்: 1906ஆம் ஆண்டுப் பிளவை முன்வைத்து

போலந்து சோசலிச இயக்கத்தின் உட்பிளவைத் தேசியவாதத்திற்கும் சர்வதேசியவாதத்திற்கும் இடையிலான மோதலாக மட்டும் காண்பது வழக்கம். 1906ஆம் ஆண்டுப் பிளவு இப்பார்வையின் போதாமையைப் புலப்படுத்துகிறது.

ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகியவற்றால் பங்கிடப்பட்ட போலந்தின் விடுதலையை, 1892இல் பாரிசில் கூடிய மாநாட்டின்வழி உருவான போலந்து சோசலிசக் கட்சி முதன்மைக் கோரிக்கையாக ஏற்றது. 1893இல் தனியமைப்புக் கண்ட ரோசா லக்சம்பர்க் குழுவினர் இதனை மறுத்தனர். போலந்தின் தொழில்துறை ரஷ்யச் சந்தையைச் சார்ந்து வளர்ந்ததால், தனியரசுக் கோரிக்கை பொருளியல் போக்கிற்கு முரணானது என லக்சம்பர்க் வாதிட்டார். தேசிய உணர்வும் முதலாளியத்தின் விளைவே என்பது கெல்லஸ்-கிராவுசின் மறுப்பு.

1905ஆம் ஆண்டுப் புரட்சி இவ்விவாதத்தைக் கட்சிக்குள்ளேயே கொணர்ந்தது. இளைய தலைவர்கள் ரஷ்யத் தொழிலாளருடன் இணைந்த வெகுமக்கள் போராட்டத்தை நம்பினர். பிலுசுட்ஸ்கி ஆயுதப் போராட்டத்தை வலியுறுத்தினார். 1906 நவம்பரில் வியன்னா மாநாட்டில் கட்சி, இடதுசாரி எனவும் புரட்சிகரப் பிரிவு எனவும் இரண்டாயிற்று.

பெரும்பான்மையினரான இடதுசாரியினர் உடனடி விடுதலைக்கு மாற்றாக, மக்களாட்சி ரஷ்யாவிற்குள் போலந்தின் தன்னாட்சியை முன்வைத்தனர். தேசியத்தை மறுப்பதே அவர்தம் நோக்கமாயின், அவர்கள் அப்போதே லக்சம்பர்க் அணியுடன் இணைந்திருக்கக்கூடும். அவ்விணைப்போ 1918 டிசம்பரில், போலந்து விடுதலை பெற்ற பின்னரே நிகழ்ந்தது. ஆகவே 1906ஆம் ஆண்டுப் பிளவு, தேசம் வேண்டுமா என்பதைக் காட்டிலும், விடுதலை எவ்வழியில், எவருடன் இணைந்து, எப்போது என்னும் வினாக்களை மையமிட்டது எனலாம்.