இன்மையின் நிறம்

ஆந்த்ரே பாஸின் 1950களில் எழுதிய ஒரு கட்டுரையில் சிங்கம் ஒன்று வருகிறது. ஹாரி வாட்டின் 1951ஆம் வருஷத்துப் படம். ஆப்பிரிக்கக் காட்டில் சிறுவன் சிங்கக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான், தாய்ச்சிங்கம் பின்தொடர்கிறது. முதலில் பையன், சிங்கம் என்று தனித்தனி ஷாட்டுகள். பிறகு திடீரென்று பெற்றோர், பையன், சிங்கம் எல்லாம் ஒரே பிரேமில். சிங்கம் பழக்கப்பட்டதா என்பது பாஸினுக்குப் பொருட்டில்லை. ஒரே வெளியில் அவர்கள் சேர்ந்து இருந்தார்கள் என்பதுதான் பொருட்டு.

இந்த அளவுகோலை நம்மில் பலர் வேதம்போல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான். ஆனால் இதற்கு எதிர்சாட்சி பாஸினுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஆரம்பமாகிவிட்டது.

1898இல் ஜார்ஜ் மெலியெஸ் தன் தலையைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார். புதுத் தலை முளைக்கிறது, அதையும் கழற்றுகிறார். தலைகள் பாடுகின்றன, எரிச்சலில் இரண்டை பாஞ்சோவால் அடித்து நொறுக்குகிறார். உபாயம் கறுப்புப் பின்னணிதான். வெளிச்சம் படாத இடத்தில் பிலிம் இன்னும் எதையும் பார்த்திருக்கவில்லை. சுருளைத் திருப்பிச் சுற்றி அங்கே இன்னொரு தலையைப் பதிக்கலாம். 1933இல் ஜேம்ஸ் வேலின் 'இன்விஸிபிள் மேன்' படத்துக்கு ஜான் ஃபுல்டன், நடிகரின் உடம்பைக் கறுப்பு வெல்வெட்டால் மூடி, அதன்மேல் சட்டை மாட்டி, கறுப்பு வெல்வெட் சுவருக்கு முன் நிறுத்தினார். சட்டை மட்டும் நடந்தது. பிசிறுகளை ஆயிரக்கணக்கான பிரேம்களில் தூரிகையால் கையாலேயே திருத்தினார்கள்.

வண்ணம் வந்ததும் இன்மை நீலமாயிற்று. மனிதத் தோலில் குறைவாக இருக்கும் நிறம் அது. 1940இல் 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் லாரி பட்லர் அதைச் சாதித்தார். ஆனால் தலைமயிர், புகை, கண்ணாடி இவற்றின் ஓரத்தில் நீலம் கசிந்தது. பெட்ரோ வ்லாஹோஸ் ஆயுளின் பெரும்பகுதியை இந்த ஓரத்துக்கே கொடுத்தார். 1964இன் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் சோடியம் விளக்கின் மஞ்சளைக் காமிராவுக்குள் ஒரு பட்டகம் பிரித்தெடுத்தது. தொப்பியின் வலைத்துணிகூடத் தப்பியது. டிஜிடல் காமிராவின் உணரியில் நாலில் இரண்டு புள்ளி பச்சைக்கு. ஆகவே திரையும் பச்சைக்கு மாறியது.

ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' 2012இல் வந்தது. புதுச்சேரிப் பையனும் புலியும் ஒரே படகில், ஒரே பிரேமில். நடிகர் இருந்ததோ தைவானில் ஒரு தண்ணீர்த்தொட்டியில், நீலத்திரைக்கு முன்னால். புலி பெரும்பாலும் கணினியில் பிறந்தது. நிஜப்புலியோடு அவர் ஒருநாளும் சேர்ந்து நிற்கவில்லை. பாஸின் கேட்டதெல்லாம் பிரேமில் இருக்கிறது, அவர் நம்பியது மட்டும் இல்லை. இருந்தும் நான் பயந்தேன். அந்தப் பயத்தைப் பொய்யென்று தள்ள என்னால் முடியவில்லை. புலியோடு யாரும் இருக்கவில்லை என்பதும் சரியில்லை; ரோமம் ரோமமாக அதனோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

அவர்களுடைய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் 24ஆம் தேதி அந்தப் படத்துக்கு ஆஸ்கர். மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் நிறுவனத்தின் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது 'ஜாஸ்' படத்துச் சுறாவின் இசையை எழுப்பி அவர் பேச்சை அமுக்கினார்கள். வெளியே தெருவில் தொழிலாளர்கள் கோஷமிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாட்களில் அவர்களில் பலர் ஃபேஸ்புக்கில் தங்கள் முகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் பச்சைச் சதுரத்தை வைத்தார்கள்.