வெலிங்டனும் நீலகிரி மாவட்டமும்: நிர்வாக வரலாறு

வெலிங்டன், நீலகிரி மாவட்டம் குன்னூர் வட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள ராணுவ நகரம். நீலகிரி தனி மாவட்டமாவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயரைப் பெற்றுவிட்ட ஊர். மாவட்டத்தின் எல்லைகள் பலமுறை மாறியபோதும் இதன் ராணுவ நிர்வாகம் தனியாகவே நீடித்து வருகிறது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே மலைக்குள் பிரிவுகள் இருந்தன. படகர்கள் தங்கள் ஊர்களைத் தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என நான்கு சீமைகளாக வகுத்திருந்தார்கள். பிற்காலத்து வருவாய்க் கணக்குகளும் இவற்றையே நாடுகளாக எடுத்துக்கொண்டன. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், ஆளில்லாத மலையில் ஆட்சி நடத்த வந்தார்கள் என்ற எண்ணத்துக்கு இந்தச் சீமைகளே மறுப்பு.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து கோயம்புத்தூரோடு சேர்ந்தது. மலைக் கிராமங்களின் வரிக் கணக்கு அடிவாரத்துத் தணாயக்கன்கோட்டை தாலுகாவில் இருந்தது. அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்குள் கிடக்கிறது. வரி மலையிலிருந்து இறங்கியதே தவிர, அதிகாரிகள் மேலே ஏறியது அரிது. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகுதான் நிலைமை மாறியது. கோத்தகிரி அருகே பங்களா கட்டியவர், 1822இல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்டத் தொடங்கினார்.

1830இல் ஊட்டி உள்ளிட்ட பகுதி மலபார் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. 1843இல் மறுபடியும் கோவைக்கே வந்தது. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஒரே மலையின் மக்கள் இரண்டு மாவட்டங்களுக்கு உட்பட்டிருந்தார்கள்.

ஜெகதளா என்ற படகர் ஊருக்கு அருகில் 1852இல் ஐரோப்பியப் படைவீரர்களுக்கான பாசறைகளைக் கட்டத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் பாசறைக்கும் அந்த ஊரின் பெயரே இருந்தது. 1860இல் சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன் அதற்கு வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினார். நீலகிரியைக் கம்பெனிக்குப் பெற்றுத்தந்த 1799ஆம் ஆண்டுப் போரில் படை நடத்தியவர்களில் அந்தப் பிரபுவும் ஒருவர். அப்போது அவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. வென்றவரின் பெயர் பாசறைக்குப் போனாலும் ஜெகதளா அழியவில்லை. இன்று அது வெலிங்டனை அடுத்துள்ள பேரூராட்சி.

1866இல் ஊட்டியும் குன்னூரும் நகராட்சிகளாயின. 1868 ஆகஸ்டில் நீலகிரி கோவையிலிருந்து பிரிந்து ஒரு கமிஷனரின் கீழ் வந்தது. முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். நீலகிரிப் பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1873இல் வெளிவந்தது. 1882இல் கமிஷனர் பதவி நீங்கி, மற்ற மாவட்டங்களைப் போலவே கலெக்டர் வந்தார்.

இடையில் 1873இல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கும், 1877இல் தென்கிழக்கு வயநாடும் மலபாரிலிருந்து நீலகிரியில் சேர்க்கப்பட்டன. இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதிகள் இவ்வாறு வந்தவை. இம்மாவட்டத்தின் எல்லை மாற்றங்களில் இதுவே ஆழமான விளைவை உண்டாக்கியது என்பேன். கலெக்டர் மாறினாலும் நில உரிமை மாறவில்லை. நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின், உடைமை மலபார் முறையிலேயே தொடர்ந்தது. 1956இல் மலபார் கேரளத்துக்குப் போனபோது கூடலூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஜன்ம உரிமையும் அதனோடு நின்றது. அதை ஒழித்து, உழவர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. ஜன்ம நிலத்துக் காடுகளை அரசு எடுப்பது செல்லாது என 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974இல் அச்சட்டம், சட்டங்களை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்கும் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஏற்றப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை சென்று, 2007 ஜனவரியில் ஐ.ஆர். கோயல்ஹோ தீர்ப்பாக முடிந்தது. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் செல்லாது என்பது இன்று நாடு முழுவதற்குமான விதி. அதற்கு மூலம் கூடலூரின் தேயிலைத் தோட்டங்களும் காடும்தான். நிலத்தின் பழைய உரிமையைத் தீர்க்காமல் எல்லையை மட்டும் மாற்றியதன் சுமையை அங்கு குடியிருக்கும் எளிய மக்களே சுமந்தார்கள்.

வெலிங்டனில் 1947 வேறுவகை மாற்றம். குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதால் அங்கிருந்த ராணுவ அதிகாரிகள் கல்லூரியின் இந்தியப் பகுதி இங்கு வந்து, பாதுகாப்புப் படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியாக வளர்ந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இங்கு அமைந்தது. ஊர் நிர்வாகம் 1924ஆம் ஆண்டு கண்டோன்மெண்ட் சட்டத்தின்படியும், பின்னர் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் நடந்து வருகிறது. கண்டோன்மெண்ட் வாரியத்தின் தலைவர் ராணுவ அதிகாரி. மேலதிகாரம் மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு.

வெலிங்டன் பஜாரில் குடியிருப்பவருக்கு வீட்டு வரியும் பிறப்புச் சான்றும் கண்டோன்மெண்ட் அலுவலகத்தில். ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றுக்கும் குன்னூர் தாலுகா ஆபீஸ். சட்டமன்றத்துக்குக் குன்னூர் தொகுதியிலும் மக்களவைக்கு நீலகிரித் தொகுதியிலும் அவர் வாக்களிக்கிறார். மாவட்டத்தில் தற்போது உதகமண்டலம், குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள் உள்ளன.