மாந்தைத் திடலின் மண்ணடுக்குகள்

மன்னார்ப் பெருநிலத்திலே, இரட்டை அகழி சூழக் குதிரை இலாட வடிவில் அமைந்த மண்மேடொன்று உளது. பாளி நூல்கள் மகாதித்த என்றும் தமிழ் நூல்கள் மாதோட்டம் என்றும் கூறும் பண்டைத் துறைமுகம் இதுவே. திருக்கேதீச்சரம் செல்லும் அடியார் பாலாவியில் நீராடிப் பெருமானை வணங்கி மீள்வர். காலடியிலுள்ள மேடு ஒரு நகரம் என எண்ணுவோர் மிகச் சிலரே.

இம்மேடு இயற்கையாய் எழுந்ததன்று. பழைய வீடு இடிந்த மண்மீது புதுவீடு எழுந்து, நூற்றாண்டுதோறும் உயர்ந்த குடியிருப்பு. இந்நூலின் கடைசிப் பக்கமே அகழ்வோனுக்கு முதலிற் கிட்டும்.

1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் இங்கு அகழ்வு நடைபெற்றது. அடியிலே சிறு கற்கருவி செய்தோரின் தடயம். அதன்மேல் வரலாற்றுக் காலக் குடியிருப்பு. மேலடுக்குகளிலே சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மெருகு மட்கலமும். போர் மூண்டமையால் வேலை நின்றது. அறிக்கை 2013ஆம் ஆண்டிலேயே நூலாயிற்று. முப்பதாண்டுத் தாமதம்! நம் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்புகளுள் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டியோர் பொன்னையும் சிலையையும் நாடவில்லை. மண்ணை நீரிற் கரைத்து, மிதந்த கரிந்த தானியங்களைச் சேர்த்தனர். பெரும்பாலானவை நெல். அவற்றிடையே கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவைச் சேர்ந்த கோதுமை மணியும், 650க்கும் 800க்கும் இடைப்பட்ட முந்திரிகை விதையும், மிளகும், ஒரேயொரு கராம்பும் இருந்தன. கோதுமையும் முந்திரிகையும் இம்மண்ணின் பயிர்களல்ல. கராம்போ அக்காலத்தில் மொலுக்கஸ் தீவுகளிலன்றி வேறெங்கும் விளையாதது, கி.பி. 900க்கும் 1100க்கும் இடையே ஏழாயிரம் கிலோமீற்றர் அளவு கடல் கடந்து வந்தது. சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடிய காலத்தை ஒட்டியே முந்திரிகையும் இத்துறையில் இறங்கியிருக்கிறது. சமயமும் வாணிபமும் வெவ்வேறு நகர்களில் வாழவில்லை.

இத்துறை தமிழர்க்கு உரியதோ சிங்களவர்க்கு உரியதோ என்னும் வழக்கு நம் மேடைகளில் ஓய்ந்தபாடில்லை. அநுராதபுரத்து அரசுக்கு இதுவே கடல்வாயில்; சோழர் இதற்கு இராசராசபுரம் எனப் பெயரிட்டனர். இரண்டும் உண்மையே. ஒன்றைக் கூறி மற்றதை மறைக்கும் பாடத்தை மாணவர்க்குப் புகட்ட என் மனம் ஒப்பவில்லை. கராம்பை இறக்கிய மாலுமி யாவனோ, அவன் மொழியை மண் கூறவில்லை.

தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி இங்கு இராசராசேச்சரம் எடுப்பித்து நிவந்தம் அளித்த செய்தி கல்வெட்டாய் உள்ளது. அக்கல் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தது. கல்கிசையிலிருந்து ஒருமணி நேரப் பயணம். திடலின் பெரும்பகுதியில் இன்னும் மண்வெட்டி படவில்லை.