பிரையன் மெர்சரின் வலைக் காப்புரிமைகள்

பிரையன் மெர்சர் (1927–1998): இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பிளாக்பர்ன் நகரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர். குடும்பத் தொழில் நெசவு. பழக்கடைப் பையிலிருந்து நெடுஞ்சாலை, குதிரைப் பந்தயப் புல்தரை வரை பரவிய இவருடைய காப்புரிமைகளின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: முடிச்சு இல்லாமல் வலை செய்வது எப்படி?

முதல் விடை 1950களில் உருவான நெட்லான் முறை. ஒன்றினுள் ஒன்றாகப் பொருந்திய இரு வட்ட அச்சுகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். உருகிய பிளாஸ்டிக் அவற்றின் துளைகள் வழியே பிதுங்கும். துளைகள் நேருக்கு நேர் வரும் கணத்தில் இரண்டு இழைகளும் ஒன்றாகவே வெளிவரும், விலகியதும் பிரிந்துவிடும். இப்படியே குழாய் வடிவில் வலை இறங்கும். தறியும் வேண்டாம், முடிச்சுப் போடும் கையும் வேண்டாம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் தறிக்கே விடை கொடுத்தது சுவையான முரண். தமிழ்நாட்டில் ஜன்னல் கொசுவலையை இன்றும் பலர் நெட்லான் என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

1970களின் இறுதியில் வந்தது டென்சார். பிளாஸ்டிக் தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, சூடாக்கி இழுப்பார்கள். மூலக்கூறுகள் இழுத்த திசையில் அணிவகுப்பதால் வலு கூடும். ஒரு திசையில் இழுத்தது தாங்குசுவருக்கும் சரிவுக்கும். இரு திசையில் இழுத்தது சாலை அடித்தளத்துக்கும் இளகிய மண்ணுக்கும். இத்தகைய வலைகளுக்கென்றே 1984இல் லண்டனில் ஒரு கருத்தரங்கு கூடியது. அதே ஆண்டு மெர்சர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். சாலையடியில் வலை எப்படி உதவுகிறது என்பதில் கருத்து ஒன்றல்ல. இழுபட்ட விரிப்பாக நின்று சுமையைத் தாங்குகிறது என்பார் சிலர்; வலைக் கண்களுக்குள் ஜல்லி சிக்கி நகராமல் நிற்பதே முதன்மை என்பார் வேறு சிலர். சாலையில் பள்ளம் எவ்வளவு விழ விடப்படுகிறது என்பதைப் பொறுத்து இரண்டுமே பொருந்தலாம்.

விளையாட்டுத் தரைக்கான பணி அளவில் சிறியது. வலையைச் சீட்டுக்கட்டு அளவுத் துண்டுகளாக நறுக்கி மண்ணில் கலந்தால் மண் வலுப்பெறும் என்று மக்கவுன், ஆண்ட்ராவஸ், ஹிட்டிரிஸ் ஆகியோருடன் மெர்சர் 1985இல் எழுதினார். அந்தத் துண்டுகளை மணலில் கலந்து, மேலே புல் வளர்த்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பியர்டு இவ்வகைத் தரையைச் சோதித்தார். துண்டுகளைச் சுற்றி வேர் பின்னிக்கொள்வதால் குளம்போ காலணியோ பெயர்க்கும் புற்கட்டி சிறியதாகிறது. ஆயினும் இதில் வலையின் பங்கு எவ்வளவு, வேரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

டென்சார் வகையில் பிற்காலத்தில் முக்கோணக் கண் வலைகளும் வந்தன. டென்சார் நிறுவனத்தை 2022இல் அமெரிக்காவின் கமர்ஷியல் மெட்டல்ஸ் வாங்கியது. மெர்சர் பெயரில் ராயல் சொசைட்டி புத்தாக்க விருது ஒன்றை ஏற்படுத்தியது.